இலஞ்சி வீட்டில் இரண்டு பேர்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து சாரல். குடையைப் பேருந்தில் விட்டாயிற்று.

மத்தியப் புள்ளியியல் துறைக் கணக்கெடுப்பாளர் செல்வியுடன் இலஞ்சி. அவர் வேலையைப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுத ஒரு நாள் அனுமதி. நிபந்தனை ஒன்றுதான்: வீட்டார் சொல்வதை எழுதக் கூடாது. சரி என்றேன்.

மூன்றாவது வீடு, கோமதி. அறுபது வயதிருக்கும். கணவர் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். உடல் வரவில்லை. முதலில் காணவில்லை என்றது ராணுவம், பிறகு இறந்ததாக முடித்துவிட்டது.

"வீட்டுல எத்தன பேரும்மா?"

"ரெண்டு. நானும் அவியளும்."

"ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா சேக்க முடியாதும்மா."

"வெளியதான இருக்காவ? வருவாவ. ஊர்ல சொன்னா சிரிப்பாளுவ. ஒன்கிட்டதான் சொல்லுதேன்."

"எங்க ஆபீச விட்டு வெளிய போகாதும்மா."

என்னையும் துறை ஆள் என்று நினைத்துக் காப்பி தந்தார். திருத்தவில்லை. குடித்தேன்.

ஜூலை 10, வியாழன்
ஐந்தருவியில் குளிக்கத் தடை. நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். இருமல்.

பிறகு கட்டுரை. கோமதி சொன்னதை விட்டுவிட மனமில்லை. பெயரை மாற்றினேன். கோயிலுக்கு மேற்கே தென்னந்தோப்பு, பச்சைக் கதவு, வாசலில் கறிவேப்பிலை: எல்லாம் துல்லியம். முப்பது வருடப் பழக்கம்.

ஜூலை 13, ஞாயிறு
வெளியாகிவிட்டது. ஆசிரியர் பாராட்டினார்.

மாலை இலஞ்சி டீக்கடை.

"ஏலே, பட்டாளத்தான் பொண்டாட்டி ரெண்டு ஆளுக்குல்லா பொங்குதாளாம்."

"மிச்சத்த நீ போயித் தின்னுட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாருக்கும் தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்
செல்வி போனில். "எழுத மாட்டேன்னு சொன்னியள்லா அண்ணாச்சி? அந்த வீட்டுக்கு இன்னும் ரெண்டு தடவ போணும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

பெயர் போடவில்லையே என்றேன். என்ன பதில் இது.

"இலஞ்சில பட்டாளத்துல காணாமப் போனவரு எத்தன பேரு அண்ணாச்சி?"

இருமலுக்கு மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூலை 16, புதன்
செல்வியோடு போனேன், மன்னிப்புக் கேட்க. மழை விட்டிருந்தது. கோமதி முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு செல்வியிடம் மட்டும்:

"அன்னைக்குச் சொன்னது தப்பு. ஒரு ஆளுன்னு எழுது. அவிய செத்துட்டாவ."

செல்வி கணக்கெடுக்கும் டேப்லெட்டைத் திறக்கவில்லை.

"எழுதும்மா. நீ எழுதலன்னா இந்த சார் எழுதிருவாரு."