மாமியாரைக் கேட்கும் கறுப்புத் திரை

செப்டம்பர் 1, திங்கள்

a அடித்தால் q வருகிறது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். விஜய் அண்ணன் கீபோர்டையே பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார், அவர் கவனிக்கவில்லை. சரிதாக்கா தலையில் கை வைத்து நின்றார், அவரும் கவனிக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் sqrithq என்று இருந்தது.

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் லாகின் ஸ்கிரீன் வரவில்லை. எப்போதும் அக்காவின் போட்டோ வரும், கீழே பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வரும். இன்று ஒன்றும் இல்லை. முழுக்கக் கறுப்பு. மேலே மூலையில் login என்று ஒரு சொல், பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு.

"வைரஸ்க்கா," என்றார் அண்ணன்.

"சனிக்கிழமை சாயந்தரம் நீதான்டா கடைசியா உக்காந்திருந்த."

"ஸ்பீடு ஆவட்டும்னு ஒரு வீடியோ பாத்து ஒரே ஒரு லைன் போட்டேன். அது நல்ல லைன்க்கா."

விஜய் அண்ணன் அக்காவின் தம்பி. வேலை தேடிக்கொண்டே இருப்பவர், அதனால் எப்போதும் கடையில்தான் இருப்பார். அக்கா எனக்கு உறவில்லை, முதலாளி. முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ், பிரின்ட், பாஸ்போர்ட் போட்டோ என்றால் இந்தக் கடைதான்.

"அக்கா, எழுத்து மாறி வருது." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டை வரை வந்தது. தண்ணீர் குடித்தேன், உள்ளே போய்விட்டது. ஒன்பதாவதிலும் இதே கதைதான். எழுந்து நின்று வாய்விட்டுப் படி என்றால் போதும், குரல் உள்ளே போய்விடும். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல் என்று சொன்னேன். அந்தக் காய்ச்சல் இரண்டு வருடமாக இறங்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

சனிக்கிழமை மெஷினை உழவர்கரையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறார்களாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம்.

"எப்ப குடுப்பான்னு தெரியல," என்றார் அக்கா. "அதுவரைக்கும் நீ உங்கம்மாகூட கம்பெனிக்குப் போயேன் சங்கரி. சும்மா ஏன் உக்காந்திருக்கணும்?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அம்மா சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறாள். வீட்டுக்கு வந்து சொன்னால் அவளுக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர்வைசர்கிட்ட எப்பவோ சொல்லி வச்சிட்டேன். பொண்ணு வரும், வாய் மட்டும் பேசாதுன்னு."

ஒரு தடவை சாவி கொடுக்கப் போனபோது அந்த ஷெட்டைப் பார்த்திருக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேலே எல்லோரும் கத்திக் கத்திப் பேசுகிறார்கள். கத்தாவிட்டால் அங்கே ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. கடையில் நான் பேசவே வேண்டாம். பேப்பரை நீட்டுவார்கள், வாங்கி அடித்துக் கொடுப்பேன். அங்க போயி நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேணாம். போவ மாட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

யோசித்துப் பார்த்தேன். நம் கடைக் கீபோர்ட் பிரெஞ்சுக் கீபோர்ட். ஃப்ரெடெரிக் என்று ஒருவர் பிரான்சுக்கே குடிபோகும்போது மெஷினோடு சேர்த்து விற்றுவிட்டுப் போனது. மற்றவர்கள் கீபோர்டில் q இருக்கும் இடத்தில் நமக்கு a இருக்கும். எங்களுக்கு அதுதான் பழக்கம். படத்தோடு வரும் ஸ்கிரீனுக்கு இது பிரெஞ்சு என்று தெரியும், அவர் சொல்லி வைத்திருக்கிறார். கறுப்புத் திரைக்கு யாரும் சொல்லவில்லை. அது பாவம் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் q அடித்தால் a வர வேண்டும். வருமா?

இன்னொன்று. அண்ணன் பார்த்த வீடியோவை என் போனில் தேடிப் பிடித்தேன். கீழே கமெண்டில் ஒரே அழுகை. 'ப்ரோ ஸ்கிரீன் பிளாக் ஆயிடுச்சு', 'ப்ரோ ஹெல்ப் ப்ரோ'. யாரோ ஒரு புண்ணியவான் பதில் போட்டிருக்கிறார்: அதே வரியைத் திரும்ப அடி, multi-user என்று இருக்கும் இடத்தில் graphical என்று போடு. அவ்வளவுதானாம்.

செப்டம்பர் 4, வியாழன்

மத்தியானம் அக்கா சாப்பிடப் போனார். அண்ணனும் பின்னாலேயே போனார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

q அடித்தேன். a வந்தது. தனியாகச் சிரித்தேன்.

ஒவ்வொரு பட்டனாகத் தட்டிப் பார்த்ததில் m கமாவில் ஒளிந்திருந்தது. புள்ளி இன்னொரு மூலையில். saritha சரியாக விழுந்துவிட்டது. அடுத்து பாஸ்வேர்ட். அக்காவின் பாஸ்வேர்ட் இந்தத் தெருவுக்கே தெரியும் — mamiyar. "அதை மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது" என்று கஸ்டமரிடமே சொல்வார். ஆனால் பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. m இரண்டு, a இரண்டு. இதைவிடக் கஷ்டமான மாமியார் கிடைக்கமாட்டாள். முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாவதில் கமா, q, கமா என்று மெதுவாகத் தட்டினேன். உள்ளே விட்டது.

அந்த வரியை அடித்தேன். கை தட்டியது grqphicql, திரையில் வந்தது graphical. என்டர் போட்டால் மாமியாரை மறுபடியும் கேட்டது. கொடுத்தேன். அணைத்துப் போட்டேன்.

அக்காவின் போட்டோ வந்தது. கட்டம் வந்தது. எல்லாம் வந்தது.

உடனே அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்குக் காலையில் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

பார்த்தேன்.

அக்கா சுவிட்சைப் போட்டதும் போட்டோ வந்தது. "டேய் விஜய்," என்று கத்தினார். அண்ணன் ஓடி வந்து பார்த்தார். ஒரு நொடி வாய் திறந்தபடி நின்றார். அப்புறம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நேத்து ஒண்ணு தட்டி வச்சேன்க்கா. அது உள்ள போயி வேலை செய்ய டைம் எடுத்துக்கும்."

டைம் எடுத்துக்குமா. நெல்லா அவிக்கிறார்?

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 6, சனி

வினை. அக்கா சொல்கிறார்: "இவனுக்குத்தான் மெஷின் வேலை தெரியுதே, இவனே உக்காரட்டும். வீட்ல சும்மா கெடக்கறதுக்கு இது மேல். பதினஞ்சாந்தேதிலேருந்து நீ கம்பெனிக்குப் போ சங்கரி, அங்க உனக்கும் பி.எஃப். எல்லாம் புடிப்பான்."

நான் சரி செய்ததால் எனக்கு வேலை போகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கோபத்தில் முசே அர்மானுக்கு ஒரு கவர் மேல் விலாசம் அடித்தேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர், முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. மாதம் ஒரு தடவையாவது வருவார். பிரின்டில் Armand இல்லை, qr,qnd என்று வந்திருந்தது. கறுப்புத் திரைப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கா கவரைக் கிழித்துப் போட்டார். "கண்ணு எங்கடி இருக்கு? a-க்கு q போட்டிருக்க."

சாயந்தரம் மெஷினை அணைப்பது எப்போதும் என் வேலை. அணைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று காலை மறுபடியும் கறுப்பு. யார் செய்தார்கள் என்று தெரியவில்லை என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று மத்தியானம் அவர்கள் சாப்பிட்டு வருவதற்குள் சரியாகிவிட்டது. இன்று காலை கறுப்பு. மத்தியானம் சரி. அண்ணன் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

"வெயில் ஏறினாத்தான்க்கா ஓடும். ராத்திரி ஈரம் புடிச்சிக்குது."

மானிட்டருக்கு விபூதி பூசியிருக்கிறார். கீபோர்டை வாசலில் வெயிலில் வைத்தார். தெருவில் போன ஒரு அம்மா, வடகமா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பேப்பர் எடுக்கிற மாதிரி மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

காலையிலேயே முசே அர்மான் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரான்சிலிருந்து மெயிலில் ஒரு ஃபாரம் வந்திருக்கிறதாம். தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும்.

"மத்தியானம் வாங்க முசே," என்றார் அண்ணன். "இப்ப மெஷின் செத்துக் கெடக்குது."

"அதுக்குள்ள கையெழுத்து போடுற ஆபீஸை மூடிடுவான்பா. இன்னிக்குத்தான் கடைசி. இது போவலன்னா நானும் செத்தவன்தான், பென்ஷனை நிறுத்திடுவான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் அண்ணனை ஆட்டி வைக்கத்தானே செய்தேன், நடுவுல இவரு எங்கேருந்து வந்தாரு. அத்தனை பேர் பார்க்க எப்படிப் போய் உட்காருவது? உட்காராமல் எப்படி இருப்பது?

அண்ணன் saritha என்று தட்டினார். இந்தத் தடவை அக்கா திரையைப் பார்த்தார். sqrithq. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"முசே பேர்ல a-க்கு q போட்டவ நீதானே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"விஜய், எழுந்திரு."

"இரு அக்கா, இப்ப வந்துடும் —"

"எழுந்திருடா. சங்கரி, நீ உக்காரு."

உட்கார்ந்தேன். காது சுட்டது. விரல் மட்டும் என் பேச்சைக் கேட்டது.

"பாஸ்வேர்ட்ல கமாவே கெடையாது, இவ கமா கமாவா போடுறா," என்றார் அண்ணன்.

"சும்மா இருப்பா," என்றார் முசே. "அந்தப் பொண்ணு பிரெஞ்சுல அடிக்குது."

போட்டோ வந்தது. ஃபாரத்தைப் பிரின்ட் எடுத்து நீட்டினேன். முசே வாங்கித் தொப்பியை மாட்டிக்கொண்டார். "மெர்சி மத்மசேல்," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "நான் பொழச்சேன்." போய்விட்டார்.

பிறகு அக்கா: "ஏன்டி வாயத் தொறந்து சொல்லல?"

"நீங்க கேக்கலக்கா."

"சரி பண்ணத் தெரியுது. அப்ப தெனம் காலைல கெடுத்து வச்சது யாரு?"

நான் ஃபேனைப் பார்த்தேன். அக்காவும் ஃபேனைப் பார்த்தார்.

"ஃபேனா?" என்றார்.

உதடு கொஞ்சம் நெளிந்தது. சிரிப்பா, கோபமா? தெரியல. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிடுவாங்களோ. சொல்லிட்டா கடையும் போச்சு.

செப்டம்பர் 11, வியாழன்

போன் பண்ணிவிட்டார். அம்மா கம்பெனியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை.

"உன் முதலாளியம்மா பேசுனாங்க. உன் பொண்ணு சரியான கள்ளி, கம்பெனிக்கெல்லாம் அனுப்பாத, அங்க இருக்கற மெஷின் அத்தனையும் நிறுத்தி வச்சிட்டு ஃபேனைப் பாப்பா, எங்கிட்டயே இருக்கட்டும்னாங்க. என்னடி பண்ணித் தொலைச்ச?"

பசிக்குதும்மா, சோறு போடு என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

லாகின் ஸ்கிரீன் காலையிலேயே ஒழுங்காக வந்தது. அண்ணனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை, வெயில் ஏறும் வரை தொடவே இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மா கம்பெனி பஸ்ஸில் போனாள். நான் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன்.

லாகின் ஸ்கிரீனில் இப்போது அக்காவுக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. அக்கா போடச் சொன்னார். விஜய் அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சங்கரி, எனக்கும் தனியா ஒண்ணு போட்டுக் குடேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். "போட்டுக் குடு," என்றார் அக்கா. "ஆனா எந்த லைனும் போட முடியாத மாதிரி போட்டுக் குடு."

அப்படியே போட்டேன். அவர் பெயர் வந்தது. அவர் போட்டோ வந்தது. கட்டமும் வந்தது.

"பாஸ்வேர்ட் என்னா வச்ச?"

டீ வாங்கிட்டு வாங்க அண்ணே, சொல்றேன் என்றேன்.