மேஸ்திரியின் மூட்டை

குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார், சாவியை ஒப்படைக்கவேண்டிய நாள் நெருங்குகிறது. டிவிக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியை இழுத்தபோது நீ வைத்து விளையாடிய வீடியோ கேம் கண்ட்ரோலர் கையில் வந்தது. இடது குச்சியின் ரப்பர் தேய்ந்துபோனபோது சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மாட்டினாயே, அது அப்படியே இருக்கிறது. வெயில் நேரத்துப் பஞ்சர் கடை வாசம். மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தேன். பிறகு, மூட்டை கட்டுமுன் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு டிவியைப் போட்டேன்.

நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நமக்குள் ஒரு சார்ஜ் பாக்கி இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும், உன்னைத் தவிர வேறு யாருக்கும் புரியாது.

சுரங்கத்தில் நம் இரண்டு பேருக்கும் ஒரே பெல்ட், நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர். நான் பர்மனென்ட், நீ கான்ட்ராக்ட். பெல்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நீ ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிக்கும்போது நான் செகண்ட் ஷிஃப்டுக்கு வந்து நிற்பேன். மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. வந்தவனிடம் எது ஓடுகிறது, எது நிற்கிறது, எந்த ரோலர் சத்தம் போடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லி சார்ஜ் கொடுத்த பிறகுதான் கிளம்பவேண்டும். நீ அதை அப்படியே கேமுக்கும் கொண்டுவந்தாய். ஒரே கதை, ஒரே ஆள், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஆடுவது. வாளும் கேடயமும் வைத்திருந்த அந்த வீரனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்ததும் நீதான். பெல்ட் சார்ஜ் முடிந்ததும் மேஸ்திரி சார்ஜ் தொடங்கும்.

"ஆத்தோரம் நிக்கிறான். கையில மருந்து இல்ல. அந்த மந்திரவாதி சிரிச்சிக்கினே பேசுவான், நம்பாத."

பக்கத்தில் நிற்கிறவர்கள் நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். நீ அதைக் கண்டுகொள்ளாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போவாய். அம்மா கதவைத் திறந்துவிட்டு டீ போட்டுக் கொடுப்பாள். நான் பெல்ட்டில் நிற்கும் நேரத்தில் நீ மேஸ்திரியை நடத்திக்கொண்டு போவாய். இப்படியே பெரிய கதை முழுவதையும் முடித்தோம்.

அதற்குப் பிறகு அதே கேமுக்கு ஒரு கூடுதல் கதை வந்தது. சின்னது. ஏரிக்கரையில் ஒரு கிராமம், அதற்குப் பக்கத்து மலையில் ஒரு சுரங்கம். லீவு நாளில் சேர்ந்து உட்கார்ந்து ஆடியபோது சுரங்கத்துக்குள் நுழைந்ததும் நீ நிறுத்திவிட்டாய்.

"தண்ணிய எறைக்காம எவன்டா தோண்டுவான்? மோட்டார் எங்க?"

நியாயமான கேள்விதான். நம் ஊரில் முதலில் தண்ணீரை எடுத்தால்தான் மற்றதெல்லாம். வெட்டிய மேல்மண்ணை எங்கே கொட்டுகிறான் என்பது உன் அடுத்த சந்தேகம். பகைவர்களை விட்டுவிட்டு இரண்டு பேரும் பம்பைத் தேடினோம். கடைசியில் சுவரில் ஒரு சக்கரம் கிடைத்தது. வால்வு என்று நினைத்து ஆனந்தமாகத் திருகினாய். அது கூண்டுக் கதவு. உள்ளே இருந்த ஓநாய்க்கூட்டம் வந்து மேஸ்திரியைப் பிய்த்துப் போட்டது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் அப்படிச் செத்திருக்கமாட்டான்.

இன்னொன்றும் உன்னிடம் உண்டு. இந்த மாதிரி கேம்களில் வீடு வீடாகப் புகுந்து பெட்டியைத் திறந்து கிடைத்ததை அள்ளுவது வழக்கம், யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஒரு வீட்டில் கை வைத்ததும் கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாய்.

"அடுத்தவன் வூட்டுப் பொட்டிய ஏன்டா நோண்டுற? அறிவில்ல?"

"இது பொம்மை வீடுடா."

"வூடுதான?"

அதனால் நம் மேஸ்திரி கடைசிவரை பரதேசியாகவே இருந்தான். எனக்கு அது எரிச்சல்தான். மற்றவர்களின் வீரர்களெல்லாம் தங்கக் கவசத்தில் மின்னும்போது நம்மவன் ஒட்டுப்போட்ட சட்டையோடு ராட்சசர்கள் முன் போய் நிற்பான்.

கதையின் முடிவில் ஒரு கேள்வி வந்தது. கிராமத்துக்கு அடியில் எரியும் கல் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் தூரத்துப் பட்டணம் பனியில் உறைந்துபோகும். மேஸ்திரி கிராமத்தாரிடம் பேசி, மலைமேல் புது ஊருக்குக் காலி செய்துபோக வைக்கலாம், அல்லது தோண்டும் எந்திரத்தை உடைத்துப் போடலாம். இரண்டில் ஒன்று. நான் யோசிக்கவே இல்லை.

"உடைச்சிடுவோம். உங்க ஊர் கதை மாதிரியே இருக்கு, இங்கயாவது ஜெயிப்போம்."

வளையமாதேவிக்கு அந்தப் பக்கம் உங்கள் நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போய், நீங்கள் சேத்தியாத்தோப்புக்குக் குடிபோனவர்கள். நீ சந்தோஷப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கண்ட்ரோலரைக் கீழே வைத்தாய்.

"பட்டணத்துக்காரன் குளிர்ல இன்னா பண்ணுவான்? ரெண்டு பக்கமும் ஆளு இருக்குதுடா."

அன்றைக்கு அதற்கு மேல் ஆடவில்லை. வீடு காலி செய்ததைப் பற்றி நீ என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். உன் அப்பா முதலில் வாசல் நிலையைத்தான் பெயர்த்தாராம். டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனால் புது வீட்டு வாசலுக்கு அது பொருந்தவில்லையாம். "பின்னாடி செவுத்துல சாஞ்சிக்கினு நிக்குது. போடவும் முடியல, விக்கவும் மனசு வரல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தாய்.

அதற்கப்புறம் ஒரு நாள் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அம்மா சொன்னாள்: "மேஸ்திரி ஊர் வாசல்ல நிக்கிறானாம். மீதியை நாளைக்கு பெல்ட்டுகிட்ட நேர்ல சொல்றேன்னு சொல்லச் சொன்னான்."

சார்ஜை மூன்றாம் ஆளிடம் விட்டுப் போவது உன் வழக்கமே இல்லை. மழை வருகிறது, கிளம்புகிறேன் என்றாயாம்.

சேத்தியாத்தோப்பு ரோட்டில், அந்த மழையில், உன் பைக். எனக்கு மறுநாள் பெல்ட்டில்தான் தெரிந்தது. உன் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தார். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று முறையாகச் சொல்லி முடித்த பிறகு உன்னைப் பற்றிச் சொன்னார். நான் தலையாட்டினேன். இரண்டையும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். உன் சாவுக்கு வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் போய் அந்த நிலையைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய தடம் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து கேமைத் தொடவில்லை. சோகம் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். நான் போய் அந்த முடிவை எடுத்துவிட்டால் உன் ஷிஃப்ட் முடிந்துவிடும், அவ்வளவுதான். நீ எந்தப் பக்கம் போக நினைத்தாய் என்பது தெரியாமல் எதையும் அமுக்க எனக்குக் கை வரவில்லை.

இப்போது திரையில் மேஸ்திரி வந்தான். அம்மா சொன்ன இடத்திலேயே, ஊர் வாசலில் நின்றான். குச்சியைத் தள்ளினேன். அவன் ஓடவில்லை. தள்ளாடித் தள்ளாடி நடந்தான். கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஓரத்தில் இருந்த எழுத்தைக் கவனித்தேன். சுமை அதிகமாம்.

மூட்டையைத் திறந்தேன். மண்சட்டி. மர அகப்பை. துடைப்பம். விரிசல் விட்ட கிண்ணம். ஒற்றைக் காலணி. விளக்கு. எதற்கும் உதவாத, விற்றாலும் விலைபோகாத சாமான்கள், திரை கொள்ளாமல். கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

அம்மா பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"கடைசியா வந்த அன்னைக்கு அவன் என்னம்மா பண்ணான்?"

"சண்டையே போடலப்பா. வீடு வீடாப் போய்க்கிட்டு இருந்தான். என்னப்பா தேடுறன்னு கேட்டேன். தேடலம்மா, எடுத்து வெக்கிறேன்னான்."

ஒரு வீட்டிலும் கை வைக்கவிடாதவன் ஒரு வீட்டையும் விடாமல் போயிருக்கிறாய். கதவையும் நிலையையும் கழற்ற கேமில் வழியில்லை. கைக்கு அடங்கியதையெல்லாம் புது ஊருக்குக் கொண்டுபோக எடுத்திருக்கிறாய். நீ எந்தப் பக்கம் என்பது அதில் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அம்மா பார்த்தாள், அடுத்த பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றினாள்.

ஊராரிடம் பேசினேன். காலி செய்யச் சொன்னேன். அவர்கள் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு மலைமேல் புது ஊருக்கு ஏறிப் போனார்கள். எல்லோரும் வெறுங்கையோடு. ஒருவர் கையிலும் ஒரு சொம்புகூட இல்லை. கேமைச் செய்தவர்களுக்கு அது தோன்றவில்லை. தோண்டியதில் உள்வாங்கிய ஊரை ஏரி மூடியது, பட்டணத்தில் புகை எழுந்தது, செய்தவர்கள் பெயரெல்லாம் ஓடி முடிந்தது.

முடிந்த பிறகும் மேஸ்திரியை நடத்தலாம் என்பது உனக்குத் தெரியும். மெதுவாக மலையேற்றிக் கூட்டிப்போனேன். புது ஊரில் வரிசையாக வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் மாதிரியே. முதல் வீட்டு வாசலில் நிறுத்தி மூட்டையைத் திறந்தேன். மண்சட்டியைக் கீழே வைக்க எடுத்தேன். இது இந்த வீட்டுடையதுதானா?

எந்தச் சட்டி எந்த வீட்டுடையது என்று நீ சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் அது தெரியும். மறுநாள் பெல்ட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பாய், பக்கத்தில் நிற்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

தோராயமாக வீட்டுக்கு ஒன்று வைத்துவிடலாம்தான். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அடுத்தவர் வீட்டுச் சாமான் அது. சட்டியைத் திரும்ப மூட்டைக்குள் வைத்து சேவ் செய்துவிட்டு டிவியை அணைத்தேன்.

நாளைக்கு லாரி வருகிறது. கண்ட்ரோலரை டியூபோடு சேர்த்துத் துணியில் சுற்றி என் பையிலேயே போட்டுக்கொண்டேன். நிலவரம் இதுதான்: பெல்ட் ஓடுகிறது. மேஸ்திரி மலைமேல் முதல் வீட்டு வாசலில் நிற்கிறான். மூட்டையை இன்னும் இறக்கவில்லை.