உப்பு தின்றவர்கள்

லிஸ்பன்

அன்புள்ள அம்மாவை நம் வழக்கப்படி மண்டியிட்டுக் கைதட்டி வணங்கி மெல்கியோர் எழுதுவது. நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

ஞாயிறன்று கோயிலில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். வாசல்காரர் என்னைத் தடுத்து, "அடிமைங்கல்லாம் பின்னால நில்லுங்கடா" என்றார்.

"நான் கொங்கோ ராசாவோட தூதர் கூட வந்தவன், ஐயா. உங்க ராசா எங்க ராசாவ சகோதரரேன்னுதான் கடுதாசியில கூப்பிடுறாரு. இந்தக் கிறிஸ்து வேதத்த எங்க தலையில யாரும் கட்டல, நாங்களே கேட்டு வாங்கினோம். எங்க தாத்தாவே உப்பு தின்னவரு" என்றேன்.

"உப்பா?" என்று விழித்தார். ஞானஸ்நானத்தில் இவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிது. அப்போது குருவானவர் நாக்கில் வைக்கும் உப்புதான் எங்களுக்குப் பெரிது, உப்பு தின்றவர் என்றால் ஞானஸ்நானம் பெற்றவர் என்று நான் விளக்கியதும் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். முன்வரிசையில் நெஞ்சு நிமிர்த்தி நின்றேன்.

பூசை முடிந்து வரும்போது, பின்னால் நின்ற அடிமைப் பெண் ஒருத்தி நம் மொழியில், "நானும் உப்பு தின்னவதான் தம்பி" என்றாள். பெயர் வயலந்தி. உப்பு தின்ற நம்மவரை அடிமையாக விற்கக் கூடாதல்லவா, நான் சொன்னதும் நம் அரசருக்கு எழுதும் கடிதத்தில் மீட்க வேண்டியவர்களோடு தூதர் அவள் பெயரையும் சேர்த்துவிட்டார். அவளை மீட்காமல் நாங்கள் கப்பல் ஏறமாட்டோம்.

இங்கே மெல்லுவதற்குக் கோலாக் கொட்டை கிடைப்பதில்லை, அனுப்புங்கள். பங்கிட்டுக் கொடுக்கக் கொஞ்சம் அதிகமாகவே வையுங்கள். இனி நான் பின்வரிசையில்தான் நிற்பேன், அங்கே நம்மவர்கள் நிறையப் பேர்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பல்காரர் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் மகன்
மெல்கியோர்