பதிவேட்டில் ஏறாத ஜரிகை

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்ததும் உன் கார்பன் தாள் வாசம் அடித்தது. அடியில் நம் ஆரணி வரைபடம். அன்று நாம் குத்திய குண்டூசிகள் துருவேறி, தெருவுக்குத் தெரு பழுப்புப் புள்ளி வைத்திருக்கின்றன. பேருந்து நிலையத்தைச் சுற்றித் தாளே கிழிந்துவிட்டது.

காவல் துறையில் அதே வேலையை மறுபடியும் கேட்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் செய்யும் திருட்டு எங்கே கூடுகிறது, செய்கிறவர்கள் எந்த ஊர் என்று ஓர் அட்டவணை. திங்கட்கிழமை நான் கையெழுத்திட வேண்டும். எந்தப் பேருந்தை நிறுத்திப் பையன்களைச் சோதிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். இரண்டு நாளாக வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நீ காவல் நிலையத்தில் பதிவேடு எழுதிய ஏட்டு. நான் புள்ளியியல் படித்த, தறிக்கார வீட்டுப் பிள்ளை. பள்ளியில் ஒரே பெஞ்சு. முதல் கணக்கெடுப்பில் நீ பெயரை விட்டுவிட்டு வயதையும் ஊரையும் மட்டும் வாசித்தாய், நான் குறித்துக்கொண்டேன். தறி வீடுகளில் பட்டும் ஜரிகையும் திருடியதாகப் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் படவேட்டுப் பக்கமிருந்து கூலிக்கு வந்த பையன்கள். எங்கள் நெசவாளர் தெரு ஒரு வரியில்கூட இல்லை. எனக்கு ஒரே பெருமை.

நீ பேனாவை மூடினாய். "இன்னாப்பா, நம்ம தெருவுல ஒரு புள்ளகூடவா திருடல?"

"ரிஜிஸ்டர்ல இல்லையே."

"எப்பிடி இருக்கும்? தறிக்காரர் வூட்டுப் புள்ள எடுத்தா, நாலு பெரியவங்க கூடி ரெண்டு அறை வுட்டு, இனிமே எடுக்க மாட்டேன்னு கோயில்ல சூடம் அணைக்க வெச்சி அனுப்பிடறாங்க. கூலிக்கு வந்தவன் எடுத்தா நேரா எங்கிட்ட இட்டுகினு வராங்க. நீ திருட்ட எண்ணலடா. புகார எண்ணிகினு கீற."

கையில் இருக்கும் தரவைத்தான் எண்ண முடியும் என்று உனக்குப் பாடம் எடுத்தேன். நீ சிரித்தாய்.

"பதினாறு வயசுல உங்க சித்தப்பா தறியில ரெண்டு கண்டு ஜரிகை எடுத்தியே, அது ரிஜிஸ்டர்ல எந்தப் பக்கத்துல கீது?"

அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன்.

அட்டவணை மேலே போனது. படவேட்டுப் பேருந்தைத் தினமும் காலையில் நிறுத்தினார்கள். சோதித்ததால் சிலர் பிடிபட்டார்கள். பிடிபட்டதால் மேலும் சோதித்தார்கள். பதிவேடு தடித்தது. தறி வீடுகளில் அந்தப் பக்கத்துப் பையன்களை வேலைக்குச் சேர்ப்பதே நின்றது. என் கணக்கை மேலதிகாரிகள் கூட்டத்தில் தன் பெயரில் வாசித்துக் கைதட்டல் வாங்கிய அதிகாரியை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் கோப்புகளைச் சுமந்துகொண்டு சுவரோரம் நின்ற உன்னையும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏட்டு பேசினால் யார் கேட்பார்கள் என்பாய். நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் நீ சொல்லியிருக்க வேண்டும்.

உன் சாவுக்குத் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். அதற்கு உன்மேல் பழிபோட முடியவில்லை.

இந்த முறை அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்: 'வீட்டோடு முடித்தவை'. அதை நிரப்ப நேற்று எங்கள் தெருவில் நான்கு வீடுகளின் கதவைத் தட்டினேன். மூவர், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தலையாட்டினார்கள். நான்காமவர், தன் மகனைச் சூடம் அணைக்க வைத்தபோது என்னையே சாட்சிக்கு அழைத்தவர், கத்தினார்: "யோவ், படிச்சிட்டு வந்து நம்ம மானத்த ஏலம் வுடறியா? ஜல்தியா கெளம்பு!"

ஆக, செய்தவரே ஒப்புக்கொண்டதாக அந்தப் பத்தியில் ஒரே ஒரு பதிவு. ஆண், வயது பதினாறு, நெசவாளர் தெரு, ஜரிகைக் கண்டு இரண்டு, புகார் இல்லை. அந்த வரியை எடுத்தால் என் கையெழுத்து கிடையாது என்று குறிப்பும் வைத்துவிட்டேன். ஒற்றை வரியால் பேருந்து நிற்காமல் போகுமா, தெரியவில்லை. அவர்கள் வேறு ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும் கூடும்.

நீ கேட்டுவிட்டுப் போன கேள்வியை இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன். பதில் இதோ: மூன்றாம் பக்கத்தில், கடைசி வரியில் இருக்கிறது.