சுவருக்கு அந்தப் பக்கம்

ஆவணி அமாவாசை, சனி.

தறிக்கு இன்று விடுமுறை. கல்யாணமான புதிதில் அமாவாசைதோறும் படம் பார்த்த தியேட்டருக்கு இவரோடு மேட்னி போனேன். இப்போது ஏசி, சாய்கிற சீட்டெல்லாம் வந்துவிட்டன. அப்போது பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். இடைவேளையில் இவர் அந்தச் சுவருக்கு மேலே கையை நீட்டி முறுக்குப் பொட்டலம் தருவார். பக்கத்தில் மாமியார் இருப்பதால் தலை நிமிராமல் வாங்கிக்கொள்வேன்.

இன்று இடைவேளைக்கு வெளியே போனவர், படம் மறுபடி தொடங்கியும் வரவில்லை. பதறிப்போய்த் தேடினேன். சுவர் இருந்த இடத்தில், பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டியபடி தனியாக நின்றிருந்தார்.

"இன்னாங்க, இங்க நின்னுக்கினு?"

"உன்னத்தான் தேடிக்கினு இருக்கேன். செவுத்தாண்ட ஏன் வரல?"

தலை நிமிராமல் வாங்கிக்கொண்டேன்.

"அத்தை பாக்குறாங்க. போய் உக்காருங்க."

சிரித்துக்கொண்டே ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். மீதிப் படம் முழுக்க அவர் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் எதையும் மறைக்கக்கூடாது என்கிறான் மகன். இவர் வீட்டுக்கு வழி மறந்ததைச் சொல்வேன். இதைச் சொல்ல மாட்டேன்.