தாழிக்குள் நம் குழந்தை

குட்டியின் அப்பாவுக்கு,

அருங்காட்சியகத்துக்காக நீங்கள் கணினியில் உருவாக்கிய பழங்காலப் புதைகுழியை இன்று குட்டியோடு போய்ப் பார்த்தேன். வி.ஆர். கண்ணாடியை மாட்டியதும் தாழிக்குள் செத்துக் கிடந்த குழந்தை தெரிந்தது. நெற்றித் தழும்புகூட அப்படியே, நம் குட்டி! பக்கத்தில் அதே கண்ணாடியை மாட்டியிருந்தவர், "அடடா, என்ன தத்ரூபம்!" என்றார்.

தூங்கும்போது அவளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தீர்களே, இதற்குத்தானா? போனில் கேட்டால், "வெறும் மாடல்தானே, ஏன்டி ஊரைக் கூட்டுற?" என்கிறீர்கள்.

அங்கே நான் தடுப்பதற்குள் அவளும் கண்ணாடியை மாட்டிவிட்டாள். கண்ணை மூடினால் மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள் என்று இன்னும் தூங்காமல் கிடக்கிறாள்.

"என்னை யாரும்மா புதைச்சது?" என்று கேட்டாள்.

அப்பா என்று சொல்லிவிட்டேன்.

நாளை வந்து நீங்களே அவளைத் தூங்க வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா