ஊர்மக்கள் பிரதிநிதியின் நாற்காலி

அல்சூர்,
14.9.1998

அன்புள்ள சரோஜாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? காட்டிலாகாக்காரர்கள் மாடுகளை மேய விடுகிறார்களா, இல்லை இன்னும் கட்டியேதான் கிடக்கின்றனவா?

இங்கே ஒரு வேடிக்கை. நம் காட்டோரத்தில் வரப்போகும் சுற்றுலா விடுதிக்காக எங்கள் ஓட்டலில் கூட்டம் போட்டார்கள். நான் டீ கொடுத்தேன். நம் ஓடைப் பாதையை ஜீப்புக்காக அகலப்படுத்துவார்களாம். நாம் அதில் மாடு ஓட்டினால் மட்டும் புலிக்குத் தொந்தரவாம். ஜீப் என்றால் புலிக்கு அவ்வளவு பிரியம் போலிருக்கிறது.

மேடையில் 'ஊர்மக்கள் பிரதிநிதி' என்று அட்டை வைத்த நாற்காலி காலியாகக் கிடந்தது. நம் ஊரில் யாரையும் கூப்பிட்டால்தானே! போட்டோ எடுக்கும்போது கம்பெனி மேனேஜர் என்னைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"ஏப்பா, ஏப்ரனக் கழட்டிட்டு அதுல ஒக்காரு. சீக்கிரம், பேகா, பேகா!"

"சார், நான் நெசமாவே அந்த ஊருதான். பாதையப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"அட, அப்ப போட்டோ இன்னும் நல்லா வரும். வாய மூடிட்டுச் சிரி."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்று அந்தப் படித்த மனிதர் சொல்லித்தரவில்லை. அந்த நாற்காலியில் என் படம் பேப்பரில் வந்தால், விடுதிக்குச் சம்மதித்து நான் உட்காரவில்லை என்று ஊரில் சொல்லிவிடு.

இங்கே குளிர். ஊரிலிருந்து வருபவர்களிடம் என் பழைய கம்பளியைக் கொடுத்தனுப்பு. துவைக்காமலே கொடு, வீட்டு வாசம் அப்படியே இருக்கட்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அந்த அட்டையை எடுத்து வந்துவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். அதை வைத்து அடுப்பைப் பற்றவைத்துக்கொள். சுள்ளி பொறுக்கத்தான் உன்னை விடமாட்டார்களே.

மாதேவன்